உங்கள் பட்டியலில் இல்லாத அலமாரி

மலேசிய நாட்டின் நினைவுகளில் எதை முதலில் இலக்கவியல் முறையில் காப்பது, எதைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவெடுக்கும் அதிகாரிகளுக்கு,

உங்களுக்குக் கீழுள்ள ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்துவிட்டது. எங்கள் வட்டாரத் தோட்டத்து மக்களின் பழைய கசெட்டுகளையும் தாள்களையும் காத்துத் தரும்படி நாங்கள் எழுதியது ஏழு பக்கம், வந்தது ஐந்து வரி. எங்களிடம் இருப்பவை வட்டார அளவிலான பொருள்களாம். தேசிய முக்கியத்துவம் உள்ளவற்றுக்கே இப்போது முன்னுரிமையாம். பொருள்களை ஈரம் படாத இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். கடைசி வரியைப் படித்துவிட்டுக் கடையின் கூரையைப் பார்த்தேன். பேரா மாநிலத்தில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் ஈரம் படாத இடம் எது என்று அந்த அலுவலகமே காட்டித் தந்தால் வாடகைக்கு எடுக்கத் தயாராக இருக்கிறேன்.

நான் ஆய்வாளன் இல்லை, போட்டோ கடைக்காரன். அப்பா அம்மா இரண்டு பேரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். நான் லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். 1989இல் பட்டணத்துக்கு வந்து கடை போட்டேன். ஐசிக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, படம் எடுப்பதில் தொடங்கி, கல்யாணம், காதுகுத்து, கருமக்கிரியை, பள்ளி விளையாட்டுப் போட்டி, தோட்டத்து மாரியம்மன் திருவிழா என்று இந்த வட்டாரத்தில் என் கேமரா நுழையாத இடம் குறைவு. தொண்ணூறுகளில் சுற்றியிருந்த தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் என்ற வீடமைப்புக் குடியிருப்பு வந்தது. சனங்கள் லோரியில் சாமான் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கடைசித் திருவிழா எடுப்பார்கள். அதைப் பிடிக்க என்னைக் கூப்பிடுவார்கள்.

அப்படிச் சேர்ந்ததுதான் கடையின் பின்னறையில் நிற்கும் இரும்பு அலமாரி. 412 வீடியோ கசெட். பெரும்பாலும் வி.எச்.எஸ்., கொஞ்சம் ஹை-எயிட், மிச்சம் தீப்பெட்டி அளவு டிஜிட்டல் கசெட். கீழ்த்தட்டில் ஊர்க்காரர்கள் கொண்டுவந்து “நீயே வச்சுக்கப்பா” என்று விட்டுப்போனவை: கும்பாபிஷேக மலர்கள், பள்ளி வருகைப் பதிவேடு ஒன்று, நாடகக் குழு நோட்டீஸ்கள், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு எடுத்ததற்கான பழைய தாள்கள், இரண்டு பெட்டி நெகட்டிவ்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 1996இல் ஒரு தோட்டத்தின் கடைசித் திருவிழாவை எடுத்தேன். கோயில் கமிட்டிக்கு ஒரு பிரதி போட்டுக் கொடுத்தேன், மூலக் கசெட் என்னிடம் இருந்தது. நல்ல கசெட் ஒன்று அப்போது பதினெட்டு வெள்ளி (ரிங்கிட்). கல்யாண சீசனில் கையில் காசு இல்லாவிட்டால் பழைய கசெட்டின் மேலேயே புதிதை எடுப்பது எங்கள் தொழிலில் நடக்கிற காரியம்தான். 2014இல் அந்தக் கோயிலின் பழைய பொருளாளர் வந்தார். வீட்டில் வெள்ளம் ஏறிப் பிரதி போய்விட்டது, உன்னிடம் இருக்குமே என்றார். “இருக்குண்ணே” என்று அடித்துச் சொன்னேன். லேபிள்கூடச் சரியாகத்தான் இருந்தது. போட்டேன். கரகம் வந்தது. அவருடைய தம்பி, காலமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது, தலையில் கரகத்தோடு லயத்து முனையில் திரும்புகிறார். திரும்பி முடிக்கவில்லை. படம் ஒரு தடவை குலுங்கியது. ஈப்போவில் ஒரு மண்டபம், வரவேற்பு விருந்து, பெண்ணின் சித்தப்பா மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுகிறார்.

பொருளாளர் ஒன்றும் சொல்லவில்லை. யாரென்றே தெரியாத அந்தக் கல்யாணத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “இருக்கிற நாலு நிமிஷத்தப் போட்டுக் குடு” என்றார். காசு வேண்டாம் என்றேன். மேசையில் பத்து வெள்ளியை வைத்துவிட்டுப் போனார்.

இதை உங்கள் கணக்கில் எழுதவில்லை. அழித்தவன் நான். ஆனால் அது காக்க வேண்டிய பொருள் என்று 1996இல் எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்று நானே வந்து சொன்னால் வட்டார அளவு என்கிறீர்கள்.

தேசிய முக்கியத்துவம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 1948 ஜூன் 16 காலையில் எங்கள் ஊர்ப் பக்கம் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்கவென்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது, இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம். அது 1960 வரை நீடித்தது. மூன்று பேர் பெயரும் வரலாற்றுப் புத்தகங்களில் இருக்கின்றன. காலனி அலுவலகக் கோப்புகள் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசியக் காப்பகத்தில் இருக்கின்றன. அதே நாளில் அதே மரங்களில் பால் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் யார்? பிறகு லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, அரிசியை அளந்து கொடுத்த காலத்தில் அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள்? ஐம்பதாம் ஆண்டு வந்தபோது, 1998இல், உள்ளூர் ஆசிரியர் ஒருவரும் நானும் அந்தக் காலத்தில் இந்தப் பக்கத் தோட்டங்களில் இருந்த ஐந்து முதியவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தோம். மொத்தம் ஆறு மணி நேரம், ஹை-எயிட் கசெட்டில். ஐந்து பேரும் இப்போது இல்லை, ஆசிரியரும் இல்லை. கசெட் இருக்கிறது. அதை ஓட்டும் கேமராவில் பல்சக்கரம் ஒன்று உடைந்துவிட்டது, மாற்றப் பாகம் கிடைக்கவில்லை. லண்டனில் இருக்கும் கோப்பு நூறு வருஷம் காத்திருக்கும். இந்தக் கசெட் காத்திருக்காது. அவசரகாலம் தேசிய முக்கியத்துவம் என்றால் அதை அனுபவித்தவர்களின் பேச்சு எந்தக் கணக்கில் வட்டாரம் ஆகிறது?

அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் எங்கள் ஊர்க்காரர். அவருடைய பேச்சுகளுக்கும் படங்களுக்கும் உங்கள் பட்டியலில் இடம் இருக்கும், இருக்கவும் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, 1960இல் அவர் தொடங்கிய அந்த நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சம்பளத்தில் பிடித்துக் காசு கொடுத்தவர்களின் தாள்கள் என் கீழ்த்தட்டில், கறையான் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன.

நான் கேட்பது இதுதான்: எது பெரியது என்று கேட்பதற்கு முன், எதற்கு வேறு பிரதி இல்லை, எது முதலில் சாகும் என்று கேளுங்கள். அமைச்சர் ஒருவரின் பேச்சு நாளிதழில் இருக்கும், வானொலியில் இருக்கும், நாடாளுமன்றக் குறிப்பில் இருக்கும். ஒன்று போனாலும் இன்னொன்று நிற்கும். தோட்டத்துக்காரனுக்கு எல்லாமே ஒற்றைப் பிரதி.

இது என் மூளையில் உதித்த புதுமை இல்லை. கோலாலம்பூரில் நூலகத் துறையில் வேலை பார்க்கும் என் மகள் எடுத்துக் காட்டினாள். பிரிட்டனில் டிஜிட்டல் பாதுகாப்புக்கென்றே இயங்கும் கூட்டமைப்பு ஒன்று 2017 முதல் ஒரு பட்டியல் வெளியிடுகிறது. விலங்குகளுக்கு ஆபத்துப் பட்டியல் போடுவதைப் போல, கோப்பு வகைகளையும் ஊடகங்களையும் ஆபத்தின் அளவுப்படி பிரிக்கிறார்கள். எது கிட்டத்தட்ட அழிந்தே போயிற்று என்பதற்குத் தனி வகுப்பே உண்டு. 2019இல் யுனெஸ்கோவின் திட்டம் ஒன்றும் ஒலி, ஒளிக் காப்பகங்களின் அனைத்துலகச் சங்கமும் சேர்ந்து காந்த நாடா எச்சரிக்கை விடுத்தன. நாடாவில் மட்டும் இருப்பதை 2025க்குள் மாற்றாவிட்டால் பிறகு பெரும்பகுதியை மீட்க முடியாமல் போகலாம் என்றார்கள். நாடா அழுகுவதைவிட, ஓட்டும் கருவியும் உதிரிப் பாகமும் வேலை தெரிந்த ஆளும் இல்லாமல் போவதுதான் காரணம். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு வி.எச்.எஸ். கருவி செய்வதை நிறுத்தியது. உலகத்தில் கடைசியாகச் செய்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். 2025 வந்து போயிற்று. உங்கள் பட்டியல் இன்னும் முக்கியத்துவத்தை அளந்துகொண்டிருக்கிறது.

என்னிடம் மூன்று கருவிகள் உண்டு. ஒன்று ஓடுகிறது, மற்ற இரண்டும் அதற்குப் பாகம் கொடுக்கின்றன. கசெட்டில் பூஞ்சணம் பிடித்திருந்தால் நேரே போடக் கூடாது. போட்டால் நாடா அறுந்துபோகும், கருவியின் தலையும் கெட்டு அடுத்த கசெட்டுக்கும் பூஞ்சணம் பரவும். அடியில் இருக்கும் ஐந்து திருகாணிகளைக் கழற்றி, மூடியைத் தூக்கி, சுருளின் ஓரத்தில் மாவு தூவியதுபோல் இருப்பதைத் துடைத்து, கையால் முழு நாடாவையும் ஒரு தடவை சுற்றவேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. பிறகு ஓட்டினால் இரண்டு மணி நேரக் கசெட்டுக்கு இரண்டு மணி நேரம். அதில் குறுக்கு வழி கிடையாது. என் அலமாரியில் 800 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு கருவியை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் விடாமல் ஓட்டினால் நாலரை மாதம், அதுவும் துடைக்கும் நேரத்தைச் சேர்க்காமல். எனக்கு வயது 61.

சரி, மாற்றியாகிவிட்டது என்று வையுங்கள். அதோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். 2004இல் ஒரு தோட்டத்து ஆபீஸைக் காலி செய்தார்கள். கிராணி (எழுத்தர்) அறையிலிருந்து செக்ரோல் புத்தகங்களைத் தூக்கிப்போட்டுப் பின்பக்கம் எரித்துக்கொண்டிருந்தார்கள். செக்ரோல் தெரியுமல்லவா, பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், யார் வந்தார், எத்தனை நாள் வேலை, என்ன சம்பளம் என்று ஆள்வாரியாக எழுதிய பேரேடு. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் அம்மாவின் குடியுரிமை விண்ணப்பத்துக்காக அலைந்துகொண்டிருந்தார். இந்த மண்ணிலேயே பிறந்தவர், பிறப்புப் பத்திரம் இல்லை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசி. எரிகிற குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கிடைத்த புத்தகத்தில் 37 பக்கங்களை டிஜிட்டல் கேமராவில் எடுத்தேன். சிடியில் எரித்து (எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம்) உறையில் பெயர் எழுதி வைத்தேன். டிஜிட்டல் ஆகிவிட்டது, இனிக் கவலை இல்லை என்று நிம்மதி. 2017இல் கேட்டு வந்தார்கள். சிடியின் பின்பக்கம் வெளிறிப்போயிருந்தது. 37இல் 22தான் திறந்தது. அந்த அம்மாவின் பக்கம் அதில் இல்லை. அவர் சிவப்பு ஐசியோடுதான் காலமானார். அந்த ஒரு பக்கத்தால் குடிமக்களுக்கான நீல ஐசி கிடைத்திருக்கும் என்று சொல்ல நான் வழக்கறிஞன் இல்லை. கொண்டுபோய்க் காட்ட ஒரு தாளாவது இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்று பிரதி வேண்டும், இரண்டு வகை ஊடகத்தில் வேண்டும், ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை மாதிரி ஓர் எண் எடுத்து வைத்து, ஆண்டுதோறும் மறுபடி கணக்கிட்டு இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். கோப்பில் ஒரு துளி மாறினாலும் எண் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். இது போட்டோ கடைக்காரன் தனியாகச் செய்யக்கூடிய காரியமா? சில வருஷம் முன்பு ஒரு குழு வந்தது. இரண்டு நாள் ஸ்கேன் செய்தார்கள், படம் பிடித்துக்கொண்டார்கள், ஆளுக்கொரு பெண்டிரைவ் கொடுத்தார்கள். அந்தக் கோப்புகள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டால், திட்டம் முடிந்துவிட்டது என்கிறார்கள். திட்டம் முடியும், காப்பது முடியாதே.

தமிழுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. உங்கள் மேசையில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் இது கண்ணிலேயே படாது. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவுவதற்கு முன் தமிழைக் கணினியில் அவரவர் ஒரு முறையில் தட்டினோம். முரசு அஞ்சல் நம் நாட்டிலேயே முத்து நெடுமாறன் உருவாக்கியது. டிஸ்கி என்ற எழுத்துக் குறியீட்டு முறை வந்தது, தமிழ்நாட்டு அரசின் தாப், தாம் முறைகள் வந்தன, அவற்றுக்கு வெளியே எத்தனையோ எழுத்துருக்கள். 1999இல் தட்டிய பள்ளி ஆண்டு மலர் ஒன்றைத் தலைமையாசிரியர் நெகிழ்வட்டில் கொண்டுவந்தார். வட்டைத் திறப்பதே பெரும்பாடு. திறந்தால் தலைக்கு மேல் புள்ளியும் கொம்புமாக ஐரோப்பிய எழுத்துகள். கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது, ஓர் எழுத்தும் கெடவில்லை, படிக்கத்தான் முடியாது. எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து மாற்றியதும் முதல் பக்கத்திலேயே பள்ளிப் பாட்டு வந்தது. மாற்றிகள் இருக்கின்றன. எந்தக் கோப்பு எந்த முறையில் என்று சொல்ல இன்னும் பத்து வருஷத்தில் யார் இருப்பார்கள்? இதைப் பட்டியலில் ஒரு வரியாகக் குறித்து வைத்தால் போதும். குறிக்கத் தெரிந்த ஆள் வேண்டும்.

இணையத்தில் இருந்தது மட்டும் பத்திரமா? யாஹூ குழுமங்களை 2020இல் மூடினார்கள், தமிழர்கள் அங்கே வருஷக்கணக்கில் பேசியதும் சேர்ந்து போயிற்று. இப்போது எங்கள் பழைய தோட்டத்துச் சனங்கள் படங்களை எல்லாம் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிக்கொள்கிறார்கள். கைப்பேசி மாற்றினால் அதுவும் இல்லை.

பக்கத்து நாட்டைப் பார்த்தால் வயிறு எரிகிறது, மறைக்க விரும்பவில்லை. சிங்கப்பூர் தன் ஐம்பதாம் ஆண்டில், 2015இல், ஐம்பது ஆண்டுத் தமிழ் இலக்கியத்தை மின்னிலக்கமாக்கியது. தொண்டூழியர்களும் தேசிய நூலக வாரியமும் சேர்ந்து செய்தார்கள். அங்கே தமிழ் முரசின் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே தேடிப் படிக்கிறேன். எங்கள் ஊர்ச் செய்திகூட அதில் அகப்படுகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த இலங்கைத் தமிழர்கள், 2005இல் நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் ஒன்றைத் தொடங்கி இன்றுவரை நடத்துகிறார்கள், அதுவும் அரசாங்கத்தை எதிர்பார்க்காமல். நம் தமிழ் நேசன் நாளிதழ் 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. என் அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தது அதில்தான். அதை நான் எங்கே போய்த் தேடுவது?

சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள். பதிப்பித்த எதையும் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அரசாங்கப் பதிவேடுகளுக்கு 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் உண்டு. தோட்டத்து ஆபீஸ் தனியார் கம்பெனியுடையது, கோயில் கமிட்டிக்கு ஒப்படைப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இரண்டு சட்டத்துக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தில்தான் எங்கள் வாழ்க்கை விழுந்துகிடக்கிறது.

ஆகவே கேட்கிறேன்.

முன்னுரிமைப் பட்டியலையும், எந்த அளவுகோலால் அது தயாரானது என்பதையும் மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் வெளியிடுங்கள். ஆட்சேபம் சொல்ல மூன்று மாதம் கொடுங்கள். வேறு பிரதி இல்லாமை, அழியும் வேகம் ஆகிய இரண்டையும் முக்கியத்துவத்துக்கு முன்னால் வையுங்கள்.

பேராவில் ஓர் இடத்திலாவது எல்லா வகைக் கசெட்டையும் ஓட்டும் கருவிகள் வேண்டும். முடிந்தால் அவற்றை ஒரு வேனில் ஏற்றி ஊர் ஊராக அனுப்புங்கள். ரத்த தானத்துக்கு வேன் வருகிறது, இதற்கும் வரலாம். இரண்டு இளைஞர்களை அனுப்பினால் கசெட் துடைப்பதிலிருந்து எல்லாவற்றையும் நானே சொல்லித்தருகிறேன். சம்பளம் வேண்டாம்.

தோட்டத்து ஆபீஸோ தமிழ்ப்பள்ளியோ மூடப்படும்போது, இடம் மாறும்போது, பழைய பதிவேடுகளை எறிவதற்கு 90 நாள் முன்னால் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். இந்த ஒன்றுக்குச் செலவே இல்லை.

தமிழ்ப் பொருள்களைப் பட்டியலிடத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களை நிரந்தர வேலையில் அமர்த்துங்கள், பயிற்சி மாணவர்களை வைத்து ஒப்பேற்ற வேண்டாம். பணத்தை ஒரே தடவையில் கொடுத்து விழா எடுப்பதைவிட, குறைவாக இருந்தாலும் ஆண்டுதோறும் ஒதுக்குங்கள்.

மூலப்பொருள் உரியவர்களிடமே இருக்கட்டும், ஒரு பிரதியும் அவர்களுக்குக் கொடுங்கள். எதைப் பொதுவில் வைப்பது என்பதை அவர்களே சொல்லட்டும். ஒருவர் வீட்டுக் கருமக்கிரியையை உலகமெல்லாம் பார்க்க வேண்டியதில்லை.

கடைசியாக, எங்கள் ஊருக்கு ஒருவரை அனுப்புங்கள். படம் பிடித்துக்கொள்ள வேண்டாம், அலமாரியைத் திறந்து பார்த்தால் போதும். கடை பழைய கடைவரிசையில் இருக்கிறது, திங்கட்கிழமை மட்டும் மூடியிருக்கும். கடையின் வாடகை ஒப்பந்தம் அடுத்த ஆண்டு மார்ச் மாதத்தோடு முடிகிறது, நீட்டிக்க மாட்டேன் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார். மகள் வீடு கோலாலம்பூரில் ஒன்பதாவது மாடி. 412 கசெட்டும் அங்கே போகாது. மார்ச்சுக்கு முன்னால் எழுத்துமூலம் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு போட்டோ கடைக்காரன்,
சுங்கை சிப்புட், பேரா